நோட்டிலிருந்து ஆப்புக்கு: சிறு கட்டட ஒப்பந்ததாரர்கள் மென்பொருளுக்கு மாறுவது எப்படி?

மூன்று நான்கு சைட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் சிறிய ஒப்பந்ததாரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு இன்ஜினியர், இரண்டு மூன்று சூப்பர்வைசர்கள், மேஸ்திரிகளிடம் லேபர் காண்ட்ராக்ட், கணக்கு டாலி மென்பொருளில், மற்றதெல்லாம் வாட்ஸாப்பில் என்று நடக்கும் தொழில். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் முறை மென்பொருள் வாங்கியபோது ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி, எல்லா சைட்டிலும் ஒரே நாளில் தொடங்கினேன். மூன்றாவது மாதம் அதைத் திறப்பதற்கு ஆளில்லை. பணத்தைவிட வலித்தது, சூப்பர்வைசர்களுக்கு அதன் மேல் வந்த வெறுப்பு. அதைப் போக்கி மறுபடி தொடங்க ஒரு வருடம் ஆனது. இரண்டாவது முறை வேறு வரிசையில் செய்தேன், அது நிலைத்தது. அந்த வரிசையைத்தான் கீழே கொடுக்கிறேன்.

1. எங்கே பணம் ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

விற்க வருபவரிடம் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடைசியாக முடித்த இரண்டு வீடுகளின் கணக்கை எடுத்து, எஸ்டிமேட்டில் போட்டதற்கும் உண்மையில் செலவானதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைப்புவாரியாக எழுதுங்கள். சிமெண்ட், கம்பி, மணல், கூலி, ஓனர் சொல்லிச் செய்த எக்ஸ்ட்ரா வேலை, தாமதத்தால் வந்த வாடகை, இவ்வளவு போதும். எந்தத் தலைப்பில் அதிகம் போயிருக்கிறதோ அதற்குத்தான் மென்பொருள் வாங்குகிறீர்கள். எனக்கு அது எக்ஸ்ட்ரா வேலையிலும் கம்பியிலும் இருந்தது. ஆனால் முதல் முறை நான் வாங்கியது அழகான பார் சார்ட் போடும் மென்பொருள். என் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தையில் இருப்பவற்றை நான் நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன். பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் போன்றவை கால அட்டவணைக்கானவை. பாலம், மெட்ரோ, பெரிய அடுக்குமாடி வேலைகளில் டெண்டரிலேயே கேட்பார்கள். புரோகோர், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கட்டுமான மென்பொருள்கள் ஆகியவை பெரிய நிறுவனங்களுக்கு வரைபடம், கேள்வி-பதில், தர ஆய்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பவை. பவர்ப்ளே, ஆன்சைட் போன்ற இந்திய ஆப்கள் போனில் பொருள் வரவு, ஆள் கணக்கு, தினசரி அறிக்கை போடுவதற்காக நம்மைப் போன்றவர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. கடைசியாக, ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ், இஆர்பிநெக்ஸ்ட் போன்ற பொதுவான மென்பொருள்கள். இவற்றைக் கட்டட வேலைக்கு ஏற்றபடி நாமே வடிவமைத்துக்கொள்ள வேண்டும். இஆர்பிநெக்ஸ்ட் திறந்தமூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதை அமைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்தச் செலவு இருக்கிறது.

வீடு கட்டும் சிறு ஒப்பந்ததாரருக்கு மூன்றாவது வகையில் தேடத் தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து.

2. பெயரையும் அளவையும் ஒழுங்குபடுத்துங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலும் மென்பொருள் தோற்பது இங்கேதான்.

எங்கள் பழைய பில்களில் ஒரே பொருள் மூன்று பெயரில் இருந்தது. ஒரு சூப்பர்வைசர் "முக்கால் ஜல்லி" என்று எழுதினார், இன்னொருவர் "20 எம்எம்" என்று எழுதினார், சப்ளையர் பில்லில் வேறு ஏதோ இருந்தது. நோட்டில் இது பிரச்சினை இல்லை, படிக்கும் நமக்குப் புரியும். மென்பொருளுக்குப் புரியாது. மூன்று பொருளாக எடுத்துக்கொண்டு மூன்று ஸ்டாக் காட்டும்.

ஆகவே ஒரு எக்செல் ஷீட் திறந்து பொருள் பட்டியல் ஒன்று தயார் செய்யுங்கள். சைட்டில் வாயால் சொல்லும் பெயரையே வையுங்கள்: எம் சாண்ட், பி சாண்ட், முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி. எம் சாண்ட் கான்கிரீட்டுக்கும் கட்டு வேலைக்கும், பி சாண்ட் பூச்சுக்கும் என்று தனித்தனியாக இருக்கட்டும். தொடக்கத்தில் 40 பொருளுக்கு மேல் வேண்டாம். ஆணி, கட்டுக்கம்பி, கவர் பிளாக் எல்லாவற்றையும் "சில்லறைச் சாமான்" என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அளவு. நம் ஊரில் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வருகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். நிறைய ஆப்களில் இயல்பாகவே கன மீட்டர்தான் இருக்கும். 4 யூனிட் ஏற்றி வந்த டிப்பருக்கு சூப்பர்வைசர் 4 என்று அடித்தால், உண்மையில் வந்த 11.3 கன மீட்டருக்குப் பதில் 4 கன மீட்டர் மட்டும் ஏறும். இரண்டு வாரத்தில் ஸ்டாக் மைனஸில் போய்விடும். உடனே "இந்த ஆப்பே தப்பு" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். "யூனிட்" என்ற அளவை நீங்களே சேர்க்க முடியுமா, அதற்கு மாற்று விகிதம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்த ஆப் வேண்டாம்.

கம்பியிலும் இதே கதைதான். லாரியில் கிலோ கணக்கில் வருகிறது, சைட்டில் எண்ணிக்கையில் போகிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளக் கம்பிக்கு 8 எம்எம் என்றால் 4.74 கிலோ, 12 எம்எம் என்றால் 10.67 கிலோ, 16 எம்எம் என்றால் 18.96 கிலோ. இந்த எண்களைப் பொருள் பட்டியலிலேயே ஏற்றிவிடுங்கள். வரவை எடை மேடை ரசீதின்படி போடுங்கள், செலவை எண்ணிக்கையில் போடுங்கள். இரண்டுக்கும் சிறு வித்தியாசம் வரத்தான் செய்யும்; கம்பியின் எடையில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தை இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துச் சூப்பர்வைசரைச் சந்தேகப்படாதீர்கள்.

மேஸ்திரிகள், சப்ளையர்கள் பட்டியலையும் இப்போதே தயார் செய்யுங்கள். பெயர், போன் எண், பான் எண், வங்கிக் கணக்கு, சப்ளையர் என்றால் ஜிஎஸ்டி எண். பான் எண்ணை இப்போதே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியவர் என்றால், தனிநபர் மேஸ்திரிக்கு ஒரு சதவீதம், நிறுவனத்துக்கு இரண்டு சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். மார்ச் மாதம் மேஸ்திரியின் பின்னால் அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தப் பட்டியல் வேலைக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. மென்பொருள் இல்லாமலேயே இதனால் பலன் உண்டு, அதனால் நேரம் வீணாகாது.

3. தொடங்கும் மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் தொடங்காதீர்கள். பாதி வேலையின் பழைய கணக்கை ஏற்றுவதிலேயே ஆர்வம் தீர்ந்துவிடும். புதிதாக வானம் தோண்டப்போகும் ஒரு சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை போடுவது குறைவு என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களைப் பட்டியல் தயாரிக்கவும் டெமோ பார்க்கவும் வைத்துக்கொண்டு, ஆவணியிலோ தையிலோ தொடங்கும் வேலையில் ஆரம்பியுங்கள். தை இன்னும் நல்லது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவிடுவார்கள், மழையும் விட்டிருக்கும். மார்ச் கடைசியில் மட்டும் வேண்டாம். அப்போது உங்கள் கணக்காளர் எதற்கும் கிடைக்கமாட்டார்.

4. டெமோவை உங்கள் சைட்டில் நடத்துங்கள்

ஏசி அறையில் லேப்டாப்பில் காட்டும் டெமோவில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சோதனைக் கணக்கு ஒன்று கேட்டு வாங்கி, உங்கள் சூப்பர்வைசரின் போனில், உங்கள் சைட்டில் ஓட்டிப் பாருங்கள். நான் இப்போது யாருக்கு ஆலோசனை சொன்னாலும் இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்கிறேன்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு லோடு செங்கல் வரவும் ஐந்து ஆள் வருகையும் இரண்டு போட்டோவும் போடச் சொல்லுங்கள். ஆப்பை மூடி, ஒரு மணி நேரம் கழித்து நெட்டை ஆன் செய்யுங்கள். எல்லாம் ஏறிவிட்டதா? பதிவில் வேலை நடந்த நேரம் காட்டுகிறதா, அல்லது நெட் வந்த நேரம் காட்டுகிறதா? அடித்தளத்திலும் ஊருக்கு வெளியே உள்ள மனையிலும் சிக்னல் இருக்காது. இதில் தோற்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து, தமிழ். மெனு தமிழில் இருந்தால் மட்டும் போதாது. குறிப்பு எழுதும் இடத்தில் தமிழில் அடித்து, அந்த அறிக்கையைப் பிடிஎஃப் ஆக இறக்கிப் பாருங்கள். எனக்குக் காட்டிய ஒரு ஆப்பில் திரையில் நன்றாக இருந்த தமிழ், பிடிஎஃப்பில் வெறும் கட்டங்களாக வந்தது. ஓனருக்கு அனுப்புவது அந்தப் பிடிஎஃப்தான்.

தவறாகப் போட்ட பதிவைச் சூப்பர்வைசரே அழிக்க முடிகிறதா என்று பாருங்கள். அழிக்க முடியக் கூடாது. திருத்தலாம், ஆனால் யார் எப்போது திருத்தினார் என்று பதிவாக வேண்டும். கடைசியாக எல்லாத் தரவையும் எக்செல்லில் இறக்கச் சொல்லுங்கள். "அதை எங்கள் டீம் செய்து தரும்" என்று பதில் வந்தால் கவனம். நான் முதலில் வாங்கிய மென்பொருளை நிறுத்தியபோது அதுவரை ஏற்றிய என் கணக்கு பிடிஎஃப் ஆகத்தான் கிடைத்தது. போட்டோக்கள் கிடைக்கவே இல்லை.

5. செலவைக் கூட்டிப் பாருங்கள்

சொல்லும் விலை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கானது, கட்டுவதோ ஒரு வருடத்துக்கு. உதாரணமாக ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பேருக்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 8,640. ஆக 56,640. நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டியில் இருந்தால் அந்த 8,640ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில், கழித்துக்கொள்ளலாம், அதற்கு இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருந்தால் முழுத் தொகையும் உங்கள் செலவு. வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும், ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எல்லோரும் ஆள் கணக்கில் விற்பதில்லை. புரோகோர் போன்றவை உங்கள் ஆண்டு வேலை மதிப்பை வைத்து விலை சொல்கின்றன. சில ஆப்கள் சைட் கணக்கில் விற்கின்றன. நமக்கு சைட் குறைவு, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே சைட் கணக்கு கிடைத்தால் அதைக் கேளுங்கள். ஆள் கணக்கு என்றால் ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது அதே இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விலைப்பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. அமைத்துத் தரும் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டாலியோடு இணைக்கும் கட்டணம், போட்டோ வைக்கும் இடத்துக்கான கூடுதல் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு போனும் சிம்மும் கம்பெனிப் பெயரில் வாங்கிக் கொடுங்கள். சூப்பர்வைசரின் சொந்த போனில் போடச் சொன்னால், போட்டோ ஏறி இடம் நிறைந்ததும் முதலில் அழிவது உங்கள் ஆப்தான். அவர் மேல் தப்பில்லை.

முதல் முறை மாதக் கட்டணம் கேளுங்கள். வருடக் கட்டணத்தில் தள்ளுபடி என்று எவ்வளவு சொன்னாலும் மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். தள்ளுபடியில் போவது கொஞ்சம், தவறான ஆப்பில் மாட்டிக்கொண்டால் போவது முழுதும்.

6. கணக்குத் திறக்கும்போது

வேண்டிய ஆவணங்கள் அதிகமில்லை: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பான், கம்பெனி முகவரி, லோகோ, லெட்டர்பேட் மாதிரி. பர்ச்சேஸ் ஆர்டரும் ஆர்ஏ பில்லும் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) உங்கள் லெட்டர்பேடில் வரவேண்டும் என்பதால் கடைசி இரண்டும் தேவை.

தலைமைக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் திறங்கள். இன்ஜினியர் பெயரில் திறந்துவிட்டு, அவர் வேறு வேலைக்குப் போனதும் ஓடிபி வாங்க அவரைக் கெஞ்சிய நண்பர்கள் எனக்கு உண்டு.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும். தரவு உங்களுடையது. சந்தா முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் பார்க்கவும் இறக்கவும் அனுமதி உண்டு. போட்டோக்கள் அசல் அளவில், எடுத்த தேதியோடு திரும்பக் கிடைக்கும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாது. நான்காவதற்கு மறுப்புச் சொன்னால், பணம் கட்டும்போது தானாகப் பிடிக்கும் அனுமதி கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.

7. முதல் மாதம்: வரவு மட்டும், பிறகு கூலி

முதல் இரண்டு வாரம் சூப்பர்வைசர் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். லாரி வந்ததும் டிசியை (பொருளோடு வரும் டெலிவரி சலான்) போட்டோ எடுத்து, வண்டி நம்பர் தெரிய இன்னொரு போட்டோ எடுத்து, பொருளும் அளவும் போட வேண்டும். அவ்வளவுதான். இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு), பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்புதல் எதையும் இப்போது திறக்காதீர்கள். மென்பொருள் விற்றவர் எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிடச் சொல்வார். கேட்காதீர்கள்.

மூன்றாவது வாரம் ஆள் கணக்கைச் சேருங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் தினக்கூலியா, லேபர் காண்ட்ராக்டா? கொத்தனார், பெரியாள், சித்தாளுக்குத் தினக்கூலி கொடுத்தால் வருகைப் பதிவுதான் சம்பளம். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் விட்டிருந்தால், சம்பளம் வேலை அளவில் வருகிறது. அங்கே ஒவ்வொரு ஆளின் பெயரையும் போட வைப்பது வீண் வேலை. கொத்து வேலைக்கு இத்தனை பேர், கம்பி வேலைக்கு இத்தனை பேர், சென்ட்ரிங்குக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போதும். அந்த எண்ணிக்கைக்கும் பயன் இருக்கிறது: தாமதம் என்று பேச்சு வரும்போது ஆள் வராத நாட்கள் பதிவில் இருக்கும்.

நோட்டை உடனே நிறுத்திவிடாதீர்கள். நான்கு சனிக்கிழமை இரண்டையும் ஓட்டுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போது நோட்டுக் கணக்கையும் ஆப் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே தொகை வந்தால் மேஸ்திரியின் முன்னாலேயே ஆப் கணக்கின்படி பணம் கொடுங்கள். அதற்குப் பிறகு நோட்டு வேண்டாம். எங்கள் மேஸ்திரி ஆப்பை நம்ப ஆரம்பித்தது, அவருக்கு வரவேண்டிய அரை நாள் கூலி ஒன்றை நோட்டு விட்டுவிட்டு ஆப் காட்டிய அன்றைக்குத்தான். இது உங்களைக் கண்காணிக்க அல்ல, உங்கள் கணக்கையும் காக்கத்தான் என்று பத்துத் தடவை வாயால் சொன்னது அதுவரை எடுபடவில்லை.

தினமும் பதிவு வருகிறதா என்று நீங்கள் இரவு ஒன்பது மணிக்குள் திறந்து பார்க்க வேண்டும். வந்ததற்கு ஒரு வார்த்தை பதில் போடுங்கள். வாட்ஸாப்பில் "இன்னைக்கு எத்தனை மூட்டை?" என்று கேட்காதீர்கள். நீங்கள் ஒருமுறை அங்கே கேட்டால் அடுத்த நாளிலிருந்து எல்லாம் வாட்ஸாப்புக்கே திரும்பிவிடும். முதல் முறை நான் தோற்றதில் பாதிக் காரணம் இந்தப் பழக்கம்.

கூலியும் வரவும் ஓடத் தொடங்கியதும் சிமெண்ட் செலவைச் சேருங்கள். காலிப் பையை எண்ணும் பழக்கத்தை விடாதீர்கள். மாலையில் காலிப் பைகளை எண்ணி அதையே செலவாகப் போடச் சொல்லுங்கள். எம்20 தரக் கான்கிரீட்டைச் சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ பை 8 வரை ஆகும். ஸ்லாப் போட்ட மறுநாள் அளவையும் பையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் 7 நாள், 28 நாள் கியூப் சோதனைத் தேதிகளையும் அன்றே நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

8. எக்ஸ்ட்ரா வேலையை அன்றன்றே எழுத்தில் வாங்குங்கள்

போட்ட பணம் எனக்குத் திரும்ப வந்தது இந்த ஒரு பகுதியால்தான்.

எல்லோருக்கும் இது நடந்திருக்கும். ஓனர் சைட்டுக்கு வருகிறார். "சமையலறையில் இன்னொரு லாஃப்ட் போட்டுடுங்க", "பால்கனிக்கு இந்த டைல்ஸ் வேண்டாம், அது போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மேஸ்திரி செய்துவிடுகிறார். எட்டு மாதம் கழித்துக் கடைசி பில்லில் அது வரும்போது, வீட்டில் வேறு யாரோ சொன்னதாகவோ, அது ஒப்பந்தத்திலேயே இருப்பதாகவோ அவருக்கு நினைவு. பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மாதத்தில் யாருக்கும் மறக்கும். கிரகப்பிரவேச நேரத்தில் சண்டை போட மனமில்லாமல் நாம் விட்டுக்கொடுக்கிறோம்.

இப்போது நான் செய்வது இது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, ஓனருடைய போனிலும் ஆப்பைப் போட்டுக் காட்டுவேன். பெரும்பாலான ஆப்களில் ஓனருக்குத் தனிக் கணக்குக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா வேலை என்று ஒன்று வந்தால், என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும் என்ற மூன்றையும் எழுதி அனுப்புவேன். ஓனர் ஒப்புதல் தராமல் மேஸ்திரி கரண்டியைத் தொடக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள்: "கூடுதல் வேலைகள் ஆப் வழியாகவோ எழுத்து மூலமாகவோ ஒப்புதல் பெற்ற பிறகே செய்யப்படும்."

தொகையோடு நாளையும் எழுதச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தாமதம் எங்கிருந்து வந்தது என்று பிறகு காட்ட அதுதான் உதவும். ஓனர்களுக்கும் இது பிடித்திருக்கிறது. தொகையைப் பார்த்ததும் பாதிப் பேர் "சரி, அந்த லாஃப்ட் வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான்.

தகராறு வழக்கு வரை போனால் இந்த மின்பதிவுகள் சாட்சியாகுமா? ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்கானது, அதன்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு அசல் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நேரம், இடம் பற்றி உள்ளே இருக்கும் தகவலும் போய்விடுகிறது. ஆப்பிலேயே எடுங்கள், அல்லது டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

9. ஏஐ, ட்ரோன், பிம்: இப்போது எது வேண்டும்?

எந்த டெமோவுக்குப் போனாலும் ஏஐ பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். சில உண்மையிலேயே பயன்படுகின்றன.

பில்லைப் போட்டோ எடுத்தால் தானாகப் படித்துப் பதியும் வசதி, அச்சடித்த சிமெண்ட், கம்பி பில்லில் நன்றாக வேலை செய்கிறது. ஹார்டுவேர் கடையில் கையால் எழுதிய தமிழ் பில்லை அதனிடம் கொடுத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தொகையை மட்டுமாவது ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும்.

தமிழில் பேசினால் தினசரி அறிக்கையாக மாற்றும் வசதியை நான் மிகவும் விரும்புகிறேன். எழுதத் தயங்கும் மேஸ்திரிகூட அழகாகப் பேசுவார். ஆனால் மிக்சர் மெஷின் ஓடும்போது சோதியுங்கள், எண்களைக் கவனியுங்கள். முகத்தைக் காட்டி வருகை போடும் வசதியை வைப்பதானால் ஆட்களிடம் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். 2023இல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை முக்கிய அடிப்படையாக வைக்கிறது. ஆதார் நகல் வாங்கினால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள், அதை ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்களின் ஆதார் முழுதாக ஒரு வாட்ஸாப் குழுவில் கிடப்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது, எங்கள் குழுவிலும் அப்படித்தான் கிடந்தது.

360 டிகிரி கேமரா, போட்டோவைப் பார்த்து எத்தனை சதவீதம் வேலை முடிந்தது என்று சொல்லும் ஏஐ ஆகியவை பெரிய கட்டடங்களுக்கானவை. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் யோசனையை நீங்கள் சாதாரண போனிலேயே செய்யலாம். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும், மின் பைப்பும் தண்ணீர் பைப்பும் தெரிய, டேப் வைத்துப் போட்டோ எடுத்து அறைப் பெயரில் சேமியுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓனர் டிவி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோவை அனுப்பினால் அவர் உங்களை மறக்கமாட்டார்.

ட்ரோன் ஒரு வீட்டுக்கு வேண்டியதில்லை. லேஅவுட் வேலை செய்தால் யோசிக்கலாம். அப்படியானால் 2021 ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டு வாடகைக்கு எடுங்கள். பிம் (கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி வடிவம்), மருத்துவமனை போல ஏசி டக்ட்டும் பைப்பும் நெருக்கியடிக்கும் கட்டடங்களில் மோதலை முன்பே காட்டிக் காப்பாற்றும். அப்படிப்பட்ட வேலை வந்தால் ஆர்க்கிடெக்டிடம் ஐஎஃப்சி என்ற பொதுவான வடிவத்தில் கோப்பைக் கேளுங்கள், அதைப் பெரும்பாலான பிம் மென்பொருள்களில் திறக்கலாம்.

10. சட்டம் கேட்கும் பதிவுகளை இதிலிருந்தே எடுங்கள்

நீங்கள் வீடு கட்டிக்கொடுக்கும் ஒப்பந்ததாரர் மட்டும் என்றால் இதில் பாதி உங்களுக்கு இல்லை. அடுக்குமாடி கட்டி விற்பவர், மனை 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 குடியிருப்புகளுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரம் ஏற்ற வேண்டும். வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை எடுக்க இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரின் சான்றும் வேண்டும். ஆப்பில் வேலை அளவு ஒழுங்காக ஏறியிருந்தால் இந்தச் சான்றுக்கு இன்ஜினியர் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும்.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாததாக இருக்க வேண்டும். டாலியில் இதற்குத் தனிப் பதிப்பு உண்டு. சைட் ஆப்பிலிருந்து டாலிக்குப் பில்கள் தானாகப் போகும்படி இணைத்தால், எந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா என ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த இணைப்பை ஆறு மாதத்துக்குப் பிறகு செய்தால் போதும்.

11. சைட் முடிந்ததும்

சாவி கொடுத்த வாரத்திலேயே அந்த சைட்டின் எல்லாத் தரவையும் இறக்குங்கள். பொருள் வரவு, கூலி, எக்ஸ்ட்ரா வேலை ஒப்புதல்கள், ஆர்ஏ பில்கள் எக்செல்லிலும் பிடிஎஃப்பிலும், போட்டோக்கள் அசலாக, கியூப் சோதனை அறிக்கைகள், கடைசி வரைபடங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். இறக்கிய கோப்புகளில் பத்தைத் திறந்து பார்த்த பிறகே அந்த சைட்டை ஆப்பில் மூடுங்கள்.

ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ரெராவின் கீழ் கட்டமைப்புக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடப் பொறுப்பு உண்டு. ஆகவே டிஸ்க்கின் மேல் சைட் பெயர், சாவி கொடுத்த தேதி, எந்த மாதம் வரை அழிக்கக் கூடாது என்ற மூன்றையும் மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த சைட்டின் பொருள் பட்டியலை இந்த சைட்டிலிருந்தே நகலெடுத்துக்கொள்ளலாம்; முதல் முறை மூன்று வாரம் எடுத்த அந்த வேலை, இரண்டாவது சைட்டுக்கு எனக்கு ஒரு மதியத்தில் முடிந்தது.